ஆறாவது குறிப்பு

போன பங்குனியில் கொச்சியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது டிசைன் பிரிவில் இருக்கிறவள். நாகர்கோவில் பக்கத்துக்காரி. பழைய படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். ஏற்றி முடிந்ததும் மூலப் படங்களை அழித்துவிடுவார்களாம். ஒரு படத்தில் அவளுக்குச் சந்தேகம்.

"மேடம், வலது ஓரத்துல அஞ்சு குறிப்பு ஒரே பேனாவில எழுதியிருக்கு. ஆறாவது மட்டும் மெல்லிசு பேனா. கையெழுத்து எல்லாமே உங்களோடதுதான். ஆனா திருத்தம் செஞ்சதா எங்கயும் பதிவு இல்ல. அப்படியே ஏத்திரட்டா?"

அப்படியே ஏற்றிவிடு என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நன்றாகக் கவனிக்கிற பெண். அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம். எங்கள் ஊரெல்லாம் மதுரை மாவட்டத்தில் இருந்த காலம் அது. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்து ஒன்றரை வருடம் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் ஏறி இறங்கினேன். மிஷின் ஓடுகிற இடத்தில் பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எல்லா இடத்திலும் மரியாதையாகக் கேட்டு அனுப்பினார்கள். கொச்சியில்தான் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் தலைமை டிசைனர் பணிக்கர் சார். இன்டர்வியூவில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த படங்களை மட்டும் பார்த்தார். நாளைக்கே வர முடியுமா என்றார்.

நாங்கள் செய்தது கப்பலுக்கான சீல். கப்பலின் பின்பக்கம் தண்ணீருக்குள் புரொப்பல்லர் சுற்றுகிறது. அதைச் சுற்றவைக்கிற ஷாஃப்ட், எஞ்சின் அறையிலிருந்து கப்பலின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். அந்தத் துளையில் ஷாஃப்ட் சுற்றவும் வேண்டும், கடல் உள்ளே வரவும் கூடாது. அங்கே உட்காருவதுதான் சீல். ரப்பர் ஷாஃப்டை இறுக்கிப் பிடித்தால் உரசி எரிந்துவிடும். தளர்ந்தால் தண்ணீர் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு திரவப் படலம் எப்போதும் நிற்க வேண்டும். அந்தப் படலத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அது நிற்பதற்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் நூல் பிசகாமல் வரைவோம்.

பணிக்கர் சார் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. படத்தை மேஜையில் விரித்து, ஒரு மஞ்சள் பென்சிலால் ஒவ்வொரு அளவின் மேலும் சின்னதாக ஒரு கோடு போட்டுக்கொண்டே வருவார். கோடு விழுந்தால் அந்த அளவை அவர் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம். கோடு விழாத அளவைப் பற்றி எதுவும் சொல்லமாட்டார். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஏன் விழவில்லை என்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் ஓடித் தேய்ந்து திரும்பி வரும் பழைய சீலை யாரும் துடைக்கக் கூடாது. முதலில் கண்ணால் பார், அப்புறம் மோந்து பார், அதற்கப்புறம் அளவெடு என்பார். சூட்டில் வெந்த ரப்பருக்கு ஒரு வாடை, எண்ணெயில் ஊறிய ரப்பருக்கு வேறு வாடை. எல்லாம் அவருக்குத் திருப்தியாக இருந்தால், "ஆயிக்கோட்டே" என்பார். ஆகட்டும் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காக ஞாயிற்றுக்கிழமையும் போய் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன்.

அவரைப் பற்றி இதோடு நிறுத்திக்கொண்டால் நன்றாக இருக்கும்.

சவரிமுத்து எங்கள் கம்பெனியின் சர்வீஸ் ஃபிட்டர். உத்தமபாளையம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கொச்சிக்கு வந்தவன். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் இறங்கிப்போய் சீல் மாட்டிக் கொடுப்பது அவன் வேலை. ஆபீசில் எல்லார் முன்னாலும் என்னை மேடம் என்பான். லீவுக்கு ஒரே பஸ்ஸில் குமுளி வழியாக வரும்போது யக்கா என்பான். கிறிஸ்துமஸ் முடிந்து திரும்பும்போது எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எனக்கான பையை வாங்கிக்கொண்டு வருவான். நான் வரைந்த படத்தில் எங்கே ஸ்பேனர் நுழையாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான்.

எங்கள் கம்பெனி ஒரு ரப்பர் வளையம் செய்தது. உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருக்கும். ஷாஃப்ட் நிற்கும்போது அதில் காற்றடித்தால் உப்பி ஷாஃப்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கடல் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். அதை நம்பி, கப்பலைக் கரையேற்றாமல் தண்ணீரில் மிதக்கும்போதே மெயின் சீலைக் கழற்றி மாற்றலாம். படம் வரைந்தது நான். பெரிய ஷாஃப்டுக்கு அது எட்டு மணி நேரம் சொட்டு விடாமல் நின்றது.

அப்போது ஒரு தூர்வாரும் கப்பலுக்கு ஆர்டர் வந்தது. அதன் ஷாஃப்ட் சின்னது. அதற்கென்று தனி அச்சு செய்தால் மாதக்கணக்கில் ஆகும். இருக்கிற வளையத்தையே போட்டுவிடலாம் என்று மேலே முடிவெடுத்தார்கள். ஷாஃப்ட் சின்னது என்றால் இடைவெளி அதிகம். ரப்பர் அதிகமாக உப்பி, அதிக தூரம் எட்டிப் பிடிக்க வேண்டும். நீளமான ரப்பர் குழாயை வளைத்து இரண்டு முனையையும் ஒட்டித்தான் வளையம் ஆக்குகிறோம். அந்த ஒட்டு தாங்காது என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தேன். சோதித்துப் பார்ப்போம் என்றார் பணிக்கர் சார்.

இரும்புத் தொட்டிக்குள் ஒரு போலி ஷாஃப்டை நிறுத்தி, வளையத்தை மாட்டி, காற்றடித்து, கப்பல் மூழ்கியிருக்கும் ஆழத்துக்குச் சமமாகத் தண்ணீர் அழுத்தம் கொடுத்தோம். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நாற்பதாவது நிமிடத்தில் ஒட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பியது. வேறு வளையம் போட்டோம். நாற்பத்தைந்து. மூன்றாவது முப்பத்தெட்டில் விட்டது.

அவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். முப்பது நிமிடத்துக்கு மூன்றுமே ஒழுகவில்லை, அது உண்மைதானே என்று கேட்டார். உண்மைதான். அப்படியே எழுது என்றார். சோதனை நேரம் முப்பது நிமிடம், கசிவு இல்லை என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

ஒன்று மட்டும் கேட்டேன். சின்ன ஷாஃப்டில் இந்த வளையத்தை முப்பது நிமிடத்துக்கு மேல் நம்பக் கூடாது, வெளியிலிருந்து முக்குளிப்பவரைக் கொண்டு ஷாஃப்டைச் சுற்றிக் கட்டாமல் மெயின் சீலைத் திறக்கக் கூடாது என்று படத்தில் ஆறாவதாக ஒரு குறிப்பு போட்டுவிடலாமா என்றேன். அப்படி எழுதினால் வாங்குகிறவன் கேள்வி கேட்பான், அடுத்த வருடம் சரியான அச்சு செய்துவிடலாம் என்றார். மஞ்சள் பென்சிலால் எல்லா அளவுகளின் மேலும் கோடு போட்டுவிட்டு, "ஆயிக்கோட்டே" என்றார். நான் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

சவரியிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். படம் வெளியே போய் எட்டு மாதம் கழித்துத்தான் அந்தக் கப்பலின் சீல் ஒழுகியது. இடையில் எத்தனையோ தடவை அவன் என் மேஜைக்கு வந்து போனான். டிசைன் பிரிவில் பேசுவதை ஃபிட்டர்களிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். அந்தப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஒரே பெண் நான். இடத்தைக் காப்பாற்றிக்கொள்வதில் கவனமாக இருந்தேன்.

அவன் அந்தக் கப்பலுக்குப் போன அன்று, படத்தில் இருந்தபடியே வளையத்துக்குக் காற்றடித்து, கால் மணி நேரம் காத்திருந்து, ஒரு சொட்டும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மெயின் சீலைத் திறந்திருக்கிறான். ஷாஃப்ட் ஓடுகிற அறை சின்னது. அவனும், எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற கப்பலின் ஆயிலர் ஒருவரும் உள்ளே இருந்தார்கள். ஒரு மணி நேரம் நெருங்கும்போது ஒட்டு பிய்ந்தது. கழற்றிச் சாய்த்து வைத்திருந்த, சீலின் இரும்புக் கூட்டின் பாதியைத் தண்ணீர் தள்ளி, அது ஆயிலரின் காலில் விழுந்தது. சவரி அவர் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறான். கழுத்தளவு தண்ணீர் வரும்வரை இழுத்திருக்கிறான். மேலேயிருந்து இறங்கியவர்கள் அவனை மட்டும் பிய்த்தெடுத்துக்கொண்டு ஏறிக் கதவை அடைத்தார்கள். அடைக்காவிட்டால் கப்பல் போயிருக்கும்.

செய்தி வந்த மறுநாள் காலையில் பணிக்கர் சார் அந்தப் படத்தின் மூலத்தைத் தன் கையாலேயே எடுத்துவந்து என் பலகையில் விரித்தார். நான்கு மூலையிலும் டேப் ஒட்டினார். என்றைக்கும் அவர் செய்யாத வேலை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "அந்தக் குறிப்பைப் போடணும்னு நீதானே கேட்டாய்? இப்போது போடு" என்றார்.

படத்தில் எதையாவது மாற்றினால் கீழ்மூலையில் இருக்கும் திருத்தக் கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதைக் கேட்டேன். வேண்டாம், முதலிலிருந்தே இருந்த மாதிரி இருக்கட்டும் என்றார். தடித்த பேனாவில் மை தீர்ந்திருந்தது. நிரப்பி, உதறி, ஓடவைக்கக் கால் மணி நேரம் ஆகும். அவர் காத்துக்கொண்டிருந்தார். மெல்லிய பேனாவை எடுத்தேன். எட்டு மாதத்துக்கு முன் நான் கேட்ட அதே வாக்கியத்தை, அதே வார்த்தைகளில் எழுதினேன். அவர் குனிந்து மையை ஊதிக் காயவைத்தார். பிறகு என்னை ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். முகம் வாடிக் கிடக்கிறது என்றார்.

சித்திரை மாதம். வீரபாண்டித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. எனக்கு வரன் அமைய வேண்டும் என்று அம்மா அக்கினிச் சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாள். முல்லையாற்றில் குளித்து ஈரச் சேலையோடு அவள் சட்டியை ஏந்திப் போக, நான் விசிறிக்கொண்டே பின்னால் போனேன். கூட்டத்தில் யாரோ கொச்சி வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்றேன்.

நான் திரும்பிப் போகும்போது விசாரணை முடிந்திருந்தது. ஃபிட்டர் ஆறாவது குறிப்பை மீறினார் என்று தீர்ப்பு. அவன் கையில் இருந்த நகலை அவனிடமிருந்து வாங்கி வைத்தவர்கள், அது தண்ணீரில் ஊறிக் கிழிந்துவிட்டது என்றார்கள். வேலை போனது. கப்பல் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் அவனை எடுக்கக் கூடாது என்று எல்லா இடத்துக்கும் சொல்லிவிட்டார்கள். அவன் ஊருக்குப் போய்விட்டான் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். பதவி உயர்வு வந்தது. சின்ன ஷாஃப்டுக்கான தனி அச்சை நானே வரைந்தேன். இன்றைக்கும் எத்தனையோ கப்பல்களில் அது இருக்கிறது. பணிக்கர் சார் இறந்தபோது போனேன். உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார் என்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் பஸ் குமுளி மலையிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கிக் கம்பம் நெருங்கும்போது சேலைத் தலைப்பை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி இருப்பேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்ச தூரத்தில் அவன் மோட்டார் பட்டறை வைத்திருப்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்று உத்தமபாளையத்தில் குடிவந்த பிறகும், கம்பத்தில் வேலை என்றால் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போவேன்.

அந்தப் பெண் போனில் பேசிய மறுவாரம் அவன் பட்டறைக்குப் போனேன். தலை முழுக்க நரைத்திருந்தான். கண்ணாடித் தகட்டில் தேய்ப்புப் பசை தடவி, போர்வெல் மோட்டாரின் சீலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்க்கிற அந்தக் கை மாறவே இல்லை.

"வாங்க மேடம். உக்காருங்க" என்றான்.

யக்கா என்று கூப்பிடுவான் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன் போலிருக்கிறது. உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மூன்று சோதனை, முப்பது நிமிடம், நான் கேட்ட குறிப்பு, பிறகு நான் எழுதிய குறிப்பு. அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றான். "விசாரணையில அந்தப் படத்த எம் முன்னால விரிச்சு வச்சாக. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? எங்கிட்ட இருந்த படத்துல அஞ்சுதான் இருந்துச்சு. வேணும்னா வரைஞ்சவகளையே கூப்பிட்டுக் கேளுங்க, எங்க ஊருக்காரக, பொய் சொல்ல மாட்டாகன்னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு, அவக வர முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டாகன்னு சொன்னாக."

என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் எதையும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. அந்த ரெண்டு நாளும் நான் வீரபாண்டியில் இருந்தேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரலில் ஒரு நிம்மதி இருந்தது எனக்கே கேட்டது.

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். "கூப்பிட்டிருந்தா வந்திருப்பீகளா?"

"தெரியல சவரி."

அவன் தலையை ஆட்டிவிட்டுச் சீலைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு அவனாகவே கொஞ்சம் சொன்னான். மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது, ஆளைச் சாகக் கொடுத்துவிட்டு வந்தவர் வீடு என்று யாரோ சொல்லி அது நின்றுபோனது. பிறகு வேறு இடம் அமைந்தது. அவள் டீச்சராக இருக்கிறாள். அதெல்லாம் போகட்டும் என்றான். உனக்காகக் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன்.

"எனக்கு நீங்க ஒண்ணும் எழுத வேணாம் மேடம். பாபு வீட்டுக்கு எழுதுங்க."

"பாபு யாரு?" என்று கேட்டேன்.

அவன் அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தான். "அங்கன செத்துப்போனவன்."

கம்பெனியின் எல்லாக் காகிதங்களிலும் 'கப்பல் பணியாளர் ஒருவர்' என்றுதான் இருந்தது. பெயர் என்ன என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கொல்லம் பக்கம் வீடு. வேலையை விட்டு நீக்கிய வாரமே சவரி அங்கே போயிருக்கிறான். பாபுவின் அம்மா வாசலுக்கு வந்து, என் மகனை விட்டுவிட்டு நீ மட்டும் எப்படி வந்தாய் என்று கேட்டாளாம். வாசலிலிருந்தே திரும்பி வந்திருக்கிறான். அந்த அம்மா இப்போது இல்லை. தங்கை ஒருத்தி அதே வீட்டில் இருக்கிறாள். முகவரியை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தான். எங்கேயும் தேடாமல் மனப்பாடமாக எழுதினான்.

இரண்டு கடிதம் எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது. ஒன்று கம்பெனிக்கு, ஒன்று பாபுவின் தங்கைக்கு. தங்கைக்கு எழுதியதை மலையாளத்தில் எழுதினேன். அவ்வளவு வருடம் அங்கே இருந்ததில் அது ஒன்று மிச்சம். இரண்டு கடிதத்தையும் உறையோடு எடுத்துக்கொண்டு, தமிழில் எழுதிய முதல் பிரதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சவரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்து வெள்ளைச் சட்டையில் இருந்தான். கண்ணாடி போட்டு வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இங்கன, 'எழுத வைக்கப்பட்டேன்'னு போட்டிருக்கீக."

பணிக்கர் சார் சொல்லித்தானே, என்று ஆரம்பித்தேன்.

"அவரு சொன்னாரு. பேனா உங்க கையிலதான இருந்துச்சு? எழுதினேன்னு போடுங்க."

அவன் பட்டறை மேஜையிலேயே உட்கார்ந்து மூன்று பிரதியிலும் அந்தச் சொல்லை அடிக்காமல், பக்கத்தையே புதிதாக எழுதினேன். அவன் எதிரே காத்திருந்தான். தங்கைக்கான கடிதத்தின் அடியில் அவனைக் கேட்டு அவன் போன் நம்பரையும் போட்டேன். உறையை ஒட்டியதும் கையை நீட்டி, "குடுங்க, நானே தபால்ல போட்டுக்கிறேன்" என்று இரண்டையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கம்பெனியிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தக் காலத்து விசாரணை ஆவணங்கள் தங்களிடம் இல்லை, என் நீண்ட சேவைக்கு நன்றி. நாகர்கோவில் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்தேன். அந்தப் படம் மட்டும் மேலே யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள், பிறகு வரவில்லை என்றாள். அவளுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று அதற்குமேல் கேட்கவில்லை.

கொல்லத்திலிருந்து எனக்கு எதுவும் வரவில்லை. ஒரு மாதம் கழித்துச் சவரி போன் செய்தான். அதுவரை அவனாக எனக்குப் போன் செய்ததில்லை.

"அந்தப் புள்ள பேசுச்சு மேடம். ரொம்ப நேரம் அழுதுச்சு. அண்ணன் கடைசியா என்ன சொன்னான்னு கேட்டுச்சு. இத்தன வருசமா அதக் கேக்க ஆளில்லாம இருந்திருக்கு. சொன்னேன். ஒருதடவ வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கு, நானும் எம் பொண்டாட்டியும் போகலாம்னு இருக்கோம்."

நல்லது என்றேன். அவன் வைத்துவிடுவானோ என்று பயந்து, என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன்.

பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரிடமோ அதை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பப் பேசினான்.

"உங்களப் பத்தி ஒண்ணும் கேக்கல மேடம்."